மேட்டூர் திறந்தாச்சு, டிராக்டர் ஸ்டார்ட் ஆகலையா?

அணையில் தண்ணீர் இருக்கிற வருஷமென்றால் ஜூன் 12 அன்று மேட்டூர் திறப்பார்கள். அதற்கு முந்தைய வாரம் டெல்டாவில் கொட்டகைக்குக் கொட்டகை ஒரே சத்தம்தான்: "கர்ர்ர்... கர்ர்... டக்." பின்னாலேயே ஒரு வசவு. தாளடி அறுத்து, கடைசி நடை வைக்கோலை ஏற்றி இறக்கிவிட்டு மார்ச்சில் நிறுத்திய வண்டி அது. மூன்று மாதம் அசையாமல் நின்றதில் பேட்டரி இறங்கியிருக்கும், டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், ஏர் கிளீனர் வாயில் குளவி கூடு கட்டியிருக்கும். அந்த வாரம் பார்த்து மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார்.

அப்பா ஓட்டிய வண்டி கைக்கு வந்தவர்கள், செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கி இப்போதுதான் பழகுகிறவர்கள், உங்களுக்காகத்தான் இது. எங்கள் வண்டி மாசி (மாஸி ஃபெர்குசன்) 1035. சென்னை டாஃபே செய்தது, உள்ளே சிம்சன் மூன்று சிலிண்டர் இஞ்சின். மகிந்திரா, ஸ்வராஜ், ஐஷர், எச்.எம்.டி. என்று எந்தப் பழைய வண்டியாக இருந்தாலும் பாகங்கள் இருக்கும் இடம்தான் மாறும், பார்க்கிற முறை ஒன்றுதான். ஆனால் சென்சரும் கம்ப்யூட்டரும் வைத்த புது காமன் ரெயில் வண்டிகளுக்கு இதில் பாதி பொருந்தாது. குறிப்பாக, அவற்றில் டீசல் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது ஆபத்து. அவற்றைக் கம்பெனி ஆளிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் நான் பட்ட அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி என் கைக்கு வந்த மூன்றாவது வருஷம். நாற்றங்காலுக்கு உழ வேண்டும், பக்கத்து வயல்காரர் வரப்பில் காத்திருக்கிறார். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின் எடுக்கவில்லை. டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கும் என்று முடிவு கட்டி ஃபில்டரைக் கழற்றினேன், டீசல் பம்பு ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற மூக்கு) போகிற பைப் மூன்றையும் பிரித்தேன். மூன்று மணி நேரம். கை, சட்டை, தரை எல்லாம் டீசல். பேட்டரியும் தீர்ந்தது. கடைசியில் டவுனிலிருந்து மெக்கானிக் அண்ணன் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், குனிந்து பம்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன லீவரை ஒற்றை விரலால் தள்ளினார். "டக்" என்றது. வேறு பேட்டரி கொடுத்துத் திருப்பினோம், இரண்டாவது சுற்றில் எடுத்துவிட்டது.

"எவ்வளவுண்ணே?"

"டீக்காசு குடு தம்பி. ஸ்டாப் கேபிளுக்கு யாராவது பில் போடுவாங்களா?"

பழைய டீசல் வண்டியைச் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. ஸ்டாப் குமிழை இழுத்தால் பம்பில் டீசல் அடைபடும், இஞ்சின் நிற்கும். குமிழை உள்ளே தள்ளினால்தான் மறுபடி திறக்கும். நான் குமிழைத் தள்ளித்தான் இருந்தேன். ஆனால் கேபிள் உறைக்குள் துருவேறி இறுகிப்போய், பம்பு முனையில் லீவர் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டது. சீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது தெரியாது. இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதனால் என் வரிசையில் முதல் வேலை, ஒரு ஆளைக் குமிழை இழுத்துத் தள்ளச் சொல்லிவிட்டு, பம்பு லீவர் முழுதாகப் போய் வருகிறதா என்று கண்ணால் பார்ப்பது. ஸ்பேனர் எடுப்பதெல்லாம் அதற்கப்புறம்.

உயிருக்கு உலை வைக்கிற பழக்கம் ஒன்று

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று லீவரை ஆட்டிப் பாருங்கள். பல டிராக்டர்களில் ஹை-லோ லீவர் நியூட்ரலில் இல்லாவிட்டால் செல்ஃபுக்குக் கரண்டே போகாது. அதற்கென்று ஒரு சேஃப்டி சுவிட்ச் இருக்கிறது. "நேற்றுவரை நல்லா இருந்துச்சு, இன்னிக்கு சாவி திருப்பினா சத்தமே இல்லை" என்று வருகிற வண்டிகளில் சிலதில் விஷயம் இவ்வளவுதான்.

அந்த சுவிட்ச் பழுதானதும் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கீழே நின்றுகொண்டு, செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்துப் பொறி பறக்க ஸ்டார்ட் செய்கிறார்கள். நிற்கிற இடம் பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். டீசல் இஞ்சின் ஒருமுறை எடுத்துவிட்டால் தானாக நிற்காது, வண்டி கியரில் இருந்தால் ஆள் மேலே ஏறிவிடும். இதைச் செய்யாதீர்கள், மெக்கானிக் செய்தாலும் பக்கத்தில் நிற்காதீர்கள். சோதனைக்கு எப்போதும் சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்துக்கொண்டு, சாவியைத் திருப்புங்கள்.

செல்ஃப் சுற்றவில்லை, அல்லது முனகுகிறது

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். கண் லைட்டின் மேலேயே இருக்கட்டும். லைட் மொத்தமாக அணைந்தால் பேட்டரி காலி, அல்லது டெர்மினல் பிடிமானம் இல்லை. லைட் மங்கி, செல்ஃப் "டிக் டிக் டிக்" என்று அடித்தாலும் அதே கதைதான். லைட் கொஞ்சமும் மங்காமல் எரிந்து, செல்ஃப் ஊமையாக இருந்தால் சாவி சுவிட்ச், சேஃப்டி சுவிட்ச், சோலனாய்டு (செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச்), அதற்குப் போகிற மெல்லிய ஒயர், இந்த வழியில் எங்கோ கரண்ட் நின்றுபோயிருக்கிறது. ஒரே ஒரு "டக்" கேட்டு அப்புறம் அமைதியாகிவிட்டால் சோலனாய்டு வேலை செய்கிறது, மோட்டார் சுற்றவில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். செல்ஃப் உடலை மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் அன்றைக்கு ஒரு தடவை சுற்றிவிடும். அதை நம்பி வயலுக்குள் இறங்காதீர்கள்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். இரவு முழுதும் சும்மா நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12க்குக் கீழே போனால் சார்ஜில் போடுங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.5க்குக் கீழே விழுந்தால், சும்மா நிற்கும்போது எவ்வளவு காட்டினாலும் அந்தப் பேட்டரியை நம்ப முடியாது.

ஆனால் பேட்டரி மேல் பழி போடுவதற்கு முன்னால் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றுங்கள். கழற்றும்போது எர்த் ஒயர் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதற்கு ஒரு பொறி போதும். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் பூத்தது நுரைத்துக்கொண்டு போய்விடும். அந்தத் தண்ணீர் செல் மூடி வழியே உள்ளே மட்டும் இறங்கக் கூடாது. காகிதத்தால் துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

எர்த் ஒயரின் மறுமுனை பாடியில் சேருகிற இடத்தை யாரும் பார்ப்பதில்லை. பத்து வினாடி செல்ஃப் அடித்துவிட்டு ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கேதான் கரண்ட் வீணாகிறது. மீட்டர் இல்லாமல் கையாலேயே கண்டுபிடிக்கிற வழி இது.

மெதுவாகச் சுற்றினாலும் சுற்றத்தானே செய்கிறது என்று கேட்கலாம். டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அமுக்குகிற அமுக்கில் சிலிண்டருக்குள் 500 டிகிரிக்கு மேல் சூடு ஏறும், அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. முனகி முனகிச் சுற்றினால் அமுங்கிய காற்று பிஸ்டன் ரிங் வழியே கசியும், சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும், டீசல் பற்றாது. எனவே செல்ஃப் விறுவிறுவென்று சுற்றாதவரை பம்பையோ ஃபில்டரையோ தொடவே வேண்டாம். ஒரு தடவைக்கு 10 வினாடி, அப்புறம் ஒரு நிமிஷம் இடைவெளி. தொடர்ந்து அடித்தால் செல்ஃப் கருகிவிடும்.

செல்ஃப் "கட்" என்று ஒரு அடி அடித்து இஞ்சின் அப்படியே இறுகி நின்றால், அதுவும் மழையில் நின்ற வண்டியாக இருந்தால், மேற்கொண்டு அடிக்காதீர்கள். சைலென்சர் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நாசிலைக் கழற்றிவிட்டு இஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஊரில் பெரியவர்கள் சைலென்சர் குழாய் மேல் கொட்டாங்குச்சியையோ பால் டின்னையோ கவிழ்த்து வைப்பது இதற்காகத்தான். அதை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்கிற வேடிக்கையும் நடப்பதுண்டு.

நன்றாகச் சுற்றுகிறது, எடுக்கவில்லை

இப்போது சைலென்சரைப் பாருங்கள். உங்களுக்குத் தேவையான தகவல் முழுதும் அங்கேதான் இருக்கிறது.

புகையே இல்லையா? டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை, கண்ணெரிகிற பச்சை டீசல் வாசனையா? டீசல் போகிறது, எரியவில்லை. செல்ஃபின் வேகம் போதவில்லை, டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது, நாசில் ஒழுகுகிறது, அல்லது கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்குகிற அமுக்கு) குறைந்துவிட்டது. கரும்புகை குப்பென்று வந்தால் காற்று போதவில்லை. ஏர் கிளீனரைப் பாருங்கள்.

முக்கால்வாசி நேரம் புகையே வராது. எனவே டீசல் போகிற வழியிலேயே நாமும் போவோம்.

முதலில் டேங்கில் டீசல் இருக்கிறதா? கேஜை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள். டேங்குக்கு அடியில் இருக்கிற டேப் திறந்திருக்கிறதா? நிறுத்தி வைத்தபோது யாராவது மூடியிருப்பார்கள். டேங்க் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும், அது சேற்றில் அடைத்திருந்தால் வண்டி எடுத்துக் கால் மணி ஓடி நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுக்கும். மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான் நோய். ஒரு ஊசியால் தீரும்.

அடுத்து தண்ணீர். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் சுவரில் துளிர்த்து அடியில் இறங்கும். பேரலில் வைத்து ஊற்றுகிற டீசலில் இன்னும் அதிகம். ஃபில்டருக்கு அடியில் இருக்கிற டிரெயின் பிளக்கைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஐந்து நிமிஷம் வையுங்கள். தண்ணீர் கனம், கீழே தனியாகக் கோடு போட்டதுபோல் நிற்கும். சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். கறுப்பாக, கொழகொழவென்று ஏதாவது வந்தால் டேங்கையே கழுவ வேண்டும், ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரைப் பெட்ரோலில் அலசி மறுபடி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காகித ஃபில்டர் அது, அலசினால் கிழியும். ஃபில்டருக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்துப் பம்புக்குப் பல ஆயிரம் செலவழிப்பார்கள்.

ஏர் எடுப்பது

டீசல் தீர்ந்து நின்றாலும், ஃபில்டர் மாற்றினாலும், எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்தாலும் லைனுக்குள் காற்று புகுந்துவிடும். நாசில் திறக்க 200 பார் அளவில் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பதே 2 பார் சொச்சம்தான். டீசல் அமுங்காது, பம்பு தள்ளுகிற தள்ளு அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். நடுவில் காற்று இருந்தால் அது சுருங்கி விரிந்துகொண்டே கிடக்கும், நாசில் திறக்காது. பஞ்சரான சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கிற மாதிரி, எவ்வளவு அடித்தாலும் ஏறாது.

ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், ஒரு டப்பா, பழைய வேட்டித் துணி போதும். பஞ்சு வேஸ்ட் வேண்டாம், அதன் நூல் பம்புக்குள் போய்விடும். எந்த நட்டைத் தொடும் முன்னும் அதைச் சுற்றியிருக்கிற மண்ணைத் துடைத்துவிடுங்கள்.

டேங்கிலிருந்து தொடங்கி நாசில் நோக்கிப் போக வேண்டும். முதல் ஃபில்டரின் தலையில் இருக்கிற ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். ஃபீட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டருக்குத் தள்ளுகிற சின்ன பம்பு) கை லீவரை மேலும் கீழும் அடியுங்கள். சில வண்டிகளில் லீவர் இருக்காது, அமுக்குகிற குமிழ் இருக்கும். முதலில் ஒன்றும் வராது, அப்புறம் நுரை, அப்புறம் குமிழி குமிழியாக, கடைசியில் கண்ணாடி போலத் தெளிந்த டீசல் ஒரே தாரையாக வரும். அடித்துக்கொண்டே இருக்கும்போதே ஸ்க்ரூவை மூடுங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு மூடினால் காற்று திரும்ப உள்ளே போகும். இரண்டாவது ஃபில்டருக்கும் இதே மாதிரி.

புதியவர்கள் திகைக்கிற இடம் ஒன்று உண்டு. லீவரை அடித்தால் தொளதொளவென்று ஆடும், ஒரு சொட்டு வராது. "ஃபீட் பம்ப் போச்சு" என்று கழற்றிவிடுவார்கள். பெரும்பாலும் பம்பு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே கேம் (பம்பைத் தள்ளுகிற மேடு) தூக்கிய நிலையில் நின்றிருக்கும், அதனால் லீவருக்கு அடிக்க இடமில்லை. செல்ஃபை ஒரு தட்டுத் தட்டி இஞ்சினை ஒரு சுற்று நகர்த்துங்கள், லீவர் கனமாகிவிடும்.

அப்புறம் மெயின் பம்பு, அதாவது நாசிலுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்புகிற பம்பு. மூன்று சிலிண்டருக்கும் வரிசையாக எலிமென்ட் (டீசலைத் தள்ளுகிற சின்ன பிஸ்டன்) வைத்த இன்லைன் பம்பு என்றால் அதன் உடலில் ஏர் ஸ்க்ரூ இருக்கும். உருளையாக இருக்கிற ரோட்டரி பம்பு என்றால் இரண்டு இடம்: உடலின் பக்கத்தில் ஒன்று, மேலே கவர்னர் (இஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) மூடியில் ஒன்று. கீழே இருப்பதை முதலில், மேலே இருப்பதைப் பிறகு எடுங்கள். சீல் வைத்த ஸ்க்ரூ எதையும் தொடாதீர்கள். அது டீசல் அளவை வைக்கிற ஸ்க்ரூ. அதைத் திருப்பிவிட்டு எங்கே இருந்தது என்று தெரியாமல் பம்பு ரூமுக்குத் தூக்கிப் போனவர்கள் நிறைய.

கடைசியாக நாசில் பைப். நாசில் பக்கத்து நட்டு மூன்றையும் ஒரு சுற்றுத் தளர்த்தி, மேலே துணியைப் போடுங்கள். ஆக்சிலேட்டரை முழுதாக வைத்து, ஒரு ஆள் சீட்டிலிருந்து செல்ஃப் அடிக்கட்டும். நீங்கள் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நில்லுங்கள். தெறிக்கிற டீசலைக் கையால் தடுக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் ஊசியாகத் தோலுக்குள் ஏறும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரல் அழுகிப் போகும். அப்படி ஆனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டீசல் ஏறியது என்று சொல்லுங்கள்.

மூன்று நட்டிலும் "சிக், சிக்" என்று டீசல் துள்ள ஆரம்பித்ததும் செல்ஃபை நிறுத்தி நட்டுகளை இறுக்குங்கள். ஆக்சிலேட்டரைப் பாதிக்குக் குறைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். முதலில் ஒரு சிலிண்டர் மட்டும் "டப்... டப்..." என்று எடுக்கும், வண்டி குலுங்கும், வெள்ளையாகக் கக்கும், அப்புறம் மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சத்தம் கேட்கிறபோது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

ஏர் எடுத்து ஓட்டிய வண்டி மறுநாள் காலை மறுபடி எடுக்கவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் ஓஸ் வெடித்திருக்கிறதா, போல்ட்டின் இரண்டு பக்கமும் செம்பு வாசர் இருக்கிறதா என்று பாருங்கள். புது வாசர் இல்லையென்றால் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், செம்பு இளகி மறுபடி படியும். அப்படியும் பிடிபடவில்லையா? ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி உயரமாகக் கட்டி, அதிலிருந்து ஓஸ் போட்டு நேராக ஃபில்டருக்குக் கொடுங்கள். வண்டி நன்றாக ஓடினால் கோளாறு டேங்க், டேப், ஃபீட் பம்பு இந்த மூன்றுக்குள் எங்கோதான்.

ஃபீட் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கிற ரப்பர் தகடு) கிழிந்தால் டீசல் இஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். ஆயில் அளவு ஏறி, டீசல் வாசனை அடித்தால் அந்த ஆயிலோடு ஓட்டாதீர்கள்.

பெட்ரோல் துணி

ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்கிற வித்தையை யாராவது சொல்லித் தருவார்கள். எடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெட்ரோல் ஆவி பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்து ரிங்கை உடைக்கலாம். துணியும் கையும் பற்றிக்கொண்டதும் உண்டு. ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும் இதே ஜாதிதான். அது இல்லாமல் எடுக்காத வண்டிக்குப் பெரும்பாலும் கம்ப்ரஷன் போயிருக்கும்.

ஏர் கிளீனரைப் பொறுத்தவரை, கீழே ஆயில் கிண்ணம் இருக்கிற பழைய மாடல் என்றால் கிண்ணத்தைக் கழற்றிச் சேறு போன ஆயிலைக் கொட்டி, கோடு வரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே ஊற்றினால் இஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரிக்க ஆரம்பிக்கும், நிறுத்த முடியாமல் ஓடும்.

டீசல் துள்ளுகிறது, காற்றும் போகிறது, செல்ஃபும் விறுவிறுவென்று சுற்றுகிறது, வெள்ளைப் புகையோடு மல்லுக்கு நிற்கிறது என்றால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். நாசில் டெஸ்ட், பம்பு டைமிங், வால்வு, ரிங் எல்லாம் மெக்கானிக்கின் வேலை. அவரிடம் "ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "செல்ஃப் நல்லா சுத்துது, மூணு பைப்லயும் டீசல் வருது, வெள்ளைப் புகை" என்று சொல்லிப் பாருங்கள். அதற்குத் தகுந்த சாமானோடு வருவார், இரண்டு நடை ஒரு நடையாகும்.

எடுத்த பிறகு உடனே ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். ஆயில் பிரஷர் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் சார்ஜ் ஏறுகிறதா என்று. லைனில் மிச்சமிருக்கிற காற்றால் இரண்டு நிமிஷத்துக்குள் ஒருமுறை நின்றுபோனாலும் பயப்பட வேண்டாம், ஃபீட் பம்பை நாலு அடி அடித்து மறுபடி எடுங்கள். அரை மணி நேரமாவது ஓடட்டும். சாயங்காலம் நிறுத்தும்போது ஸ்டாப் குமிழை இழுத்து, இஞ்சின் நின்றதும் உள்ளே தள்ளிவிட்டு, இறங்கிப் போய்ப் பம்பு லீவரைப் பாருங்கள். கேபிள் உறைக்குள் மாதம் ஒருமுறை நாலு சொட்டு ஆயில் விடுங்கள்.

நான் விடுகிறேன்.